பருவ ஓய்வை மலடு என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கால்நடைப் பகுதியில் அண்மையில் வாசகர் ஒருவரின் கேள்விக்குப் பதில் வெளியாகியிருந்தது. கன்று ஈன்று இரண்டு மாதமாகியும், காளையை ஏற்கும் பருவத்துக்கு வராத தம் பசுவைப் பற்றி அவர் கேட்டிருந்தார். அது 'மலட்டுப் பசு' ஆகிவிட்டது என்றும், தாமதிக்காமல் ஹார்மோன் ஊசி போட்டுவிட வேண்டும் என்றும் பதிலளிக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தப் பதிலில் உள்ள சொல்லும் தவறு, அறிவுரையும் தவறு என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலடு என்பது கருத்தரிக்கும் திறனே அற்ற நிலை. பருவத்துக்கு வராமலிருப்பது வேறு. பெண் பாலூட்டிகள் பலவற்றின் சினைப்பை சில காலம் முட்டை வெளியிடுவதை நிறுத்திவைத்து, உரிய காலத்தில் தானாகவே மீண்டும் தொடங்குகிறது. இந்த இடைக்காலத்துக்கு 1900-ஆம் ஆண்டிலேயே வால்ட்டர் ஹீப் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 'அனீஸ்ட்ரஸ்' என்று பெயரிட்டார். தமிழில் இதைப் பருவ ஓய்வு என்று சொல்லலாம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. அத்துடிப்புகள் அடுத்தடுத்து வரும்போது பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, சினைப்பையில் முட்டையைத் தாங்கியிருக்கும் கொப்புளம் முதிர்ந்து முட்டையை வெளியிடுகிறது. துடிப்புகள் மந்தமானால் கொப்புளங்கள் வளர்வதும் பாதியிலேயே சுருங்குவதுமாக நாள்கள் கழிகின்றன. ஆகவே, ஓய்விலிருக்கும் சினைப்பையும் உயிரோட்டமுள்ள சினைப்பைதான்.

எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை ஒவ்வொரு விலங்கும் தன் குட்டி பிழைக்கும் காலத்தை வைத்தே தீர்மானிக்கிறது. மிதவெப்ப நாடுகளில் செம்மறியாடு பகல் குறையும்போது பருவத்துக்கு வருகிறது. பெண் குதிரையோ பகல் நீளும்போது வருகிறது. ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றினாலும் கணக்கு ஒன்றேதான். ஆட்டின் சினைக்காலம் 5 மாதம், குதிரையின் சினைக்காலம் 11 மாதம் என்பதால் இரண்டின் குட்டிகளும் புல் தளிர்க்கும் வசந்தத்தில் பிறக்கின்றன. இரவின் நீளத்தை உடலுக்கு அறிவிப்பது மூளையிலுள்ள பினியல் சுரப்பி இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன். குளிர்காலத்தில் குதிரை லாயத்தில் விளக்கேற்றி, நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி செய்தால், சுமார் இரண்டு மாதங்களில் அதன் ஓய்வு வழக்கத்தைவிட முன்னதாகவே முடிகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகலின் நீளம் பெரிதாக மாறாததால், அங்குள்ள ஆடுகளுக்கு மழையும் மேய்ச்சலுமே பெரிதும் காலம் குறிக்கின்றன.

பெண் நாய் வளர்ப்போருக்கும் இந்தக் கவலை உண்டு. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 7 மாதம் ஆகலாம். அதில் பெரும்பகுதி ஓய்வுதான். அந்த மாதங்களில் கருப்பையின் உட்சுவர் பழையதை உதிர்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

பசுவின் கதை இவற்றைவிட நுட்பமானது. கன்று ஈன்ற பின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். அதே வாரங்களில் பால் உற்பத்தி விரைவாக உச்சத்தை எட்டுகிறது. தீனி உட்கொள்ளும் அளவோ அந்த வேகத்தில் கூடுவதில்லை. உள்ளே போவதைவிட வெளியேறும் சத்து மிகுதியாகிப் பசு மெலிகிறது. இந்தப் பற்றாக்குறை மூளைக்குத் தெரிந்ததும் நான் மேலே சொன்ன துடிப்புகள் தணிகின்றன. போதாததற்குக் கன்று ஊட்டுவதும் அவற்றை அடக்குகிறது. இதில் என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. இந்தத் தடை மடியில் மட்டும் பிறப்பதன்று. மடியே அகற்றப்பட்ட பசுக்கள்கூடத் தம் கன்று உடனிருந்தால் பருவத்துக்கு வரத் தாமதித்தன என்றும், வேற்றுக் கன்று ஊட்டும்போது அந்தத் தடை ஏற்படவில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண்ணாலோ மோப்பத்தாலோ தன் கன்றை இனங்கண்டுகொள்ளும் தாய்மையே ஓய்வை நீட்டிக்கிறது என்று அறிந்த பிறகு, அந்தப் பசுவை மலடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பன்றியிலும் குட்டிகளைப் பால் மறக்கச் செய்த ஒரு வாரத்துக்குள் தாய் பெரும்பாலும் பருவத்துக்கு வந்துவிடுகிறது.

மனிதரிலும் இது உண்டு. குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமலிருக்கும் பெண் கருத்தரிக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று, 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் கணித்தார்கள். பால் கொடுக்கும் அந்தத் தாயை நாம் மலடி என்று சொல்வதில்லை.

அறிவுரையில் உள்ள ஆபத்து சொல்லில் உள்ள பிழையைவிடப் பெரிது. பருவத்துக்கு வராத மாடு என்று அழைத்து வரப்படுவனவற்றுள் சில ஏற்கெனவே சினையாக இருக்கின்றன. மலடு என்று முடிவு கட்டி விற்கவிருந்த பசு ஒன்றைப் பரிசோதித்தபோது அது நான்கு மாதச் சினையாக இருந்ததை நானே கண்டிருக்கிறேன். சோதிக்காமல் அதற்கு, பருவத்தை வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டிருந்தால் கரு கலைந்திருக்கும். வேறு சில மாடுகளுக்குச் சுழற்சி ஒழுங்காகவே நடக்கும். அறிகுறி மட்டும் வெளியே தெரியாது. ஊமைப் பருவம் என்று நாம் அழைக்கும் இந்நிலை எருமைகளில் மிகுதி. பசுவிலும் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுவதால், இரவில் வந்து விடிவதற்குள் போய்விட்டால் உரிமையாளர் அறிய வழியில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் சினைப்பையில் இருந்தால்தான் மேற்சொன்ன ஊசி வேலை செய்யும். உண்மையான ஓய்விலுள்ள மாட்டுக்கு மஞ்சள் உடலமே இராது என்பதால் அந்த ஊசியால் பயனில்லை. அத்தகைய மாட்டுக்குத் தேவைப்பட்டால் புரோஜெஸ்ட்டிரோன் என்ற ஹார்மோன் சார்ந்த வேறு சிகிச்சை உண்டு. உடல் தேறாத மாட்டுக்கு அதுவும் அரைகுறையாகவே பலன் தரும். குடற்புழு, தாது உப்புக் குறைவு, கருப்பை அழற்சி போன்ற நோய்க் காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. நோய் எது, ஓய்வு எது என்பது கையால் சோதித்தோ, அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தோ அறிய வேண்டியது. கடிதத்தைப் படித்து முடிவு செய்யக்கூடியதன்று.

ஆகவே, அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியவை வேறு. ஈன்ற தேதி என்ன, கன்று தாயுடனேயே இருக்கிறதா, விலா எலும்பு தெரியும்படி மாடு மெலிந்திருக்கிறதா, ஈன்ற பிறகு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) ஏதும் போடப்பட்டதா, காலையும் மாலையும் யாராவது நின்று கவனிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, சினைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். வெளியான பதிலை நம்பி ஊசிக்கு ஏற்பாடு செய்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களின் மாடுகளுள் சினை மாடும் இருக்கக்கூடும். எனவே, அதே பகுதியில், அதே அளவு இடத்தில், அடுத்த வாரமே திருத்தம் வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்