நூறு இலக்கு எழுதியாயிற்று; திருத்துவது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழ்நாளில் செய்து முடிக்க வேண்டிய நூறு காரியங்களை எழுதி வைக்கச் சொல்லி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மனமார வரவேற்கிறேன். படித்ததும் பேனாவை எடுக்க வைக்கிற எழுத்து அது. ஆனால் எழுதி முடித்த பட்டியலை அப்புறம் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பட்டியல் எழுதுவது ஒரு வார வேலை. அதைத் திருத்திக்கொண்டே வருவது முப்பது வருட வேலை. இந்த இரண்டாவது வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் ஜனவரியில் எழுதிய பட்டியல் மாசி பிறப்பதற்குள் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது.

இந்தப் பேச்சு வந்தாலே மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். 1953ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீத மாணவர்கள், மற்ற 97 சதவீதத்தினரைவிட அதிகம் சம்பாதித்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996ல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க இதழ் தேடிப் பார்த்து, ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டது. பள்ளிக்கூட விழாக்களில் பேசுகிறவர்கள் இனியாவது இதை விட்டுவிட வேண்டும்.

உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் ஜான் கோடார்ட் என்ற அமெரிக்கச் சாகசப் பயணி இருக்கிறார். 1940ல், லாஸ் ஏஞ்சல்ஸில், 15 வயதில் 127 இலக்குகளை எழுதினார். நிலவுக்குப் போவதும் எவரெஸ்ட் ஏறுவதும் அதில் உண்டு. அதே தாளில் நிமிடத்துக்கு 50 சொல் தட்டச்சு செய்வதும், ஒரு மைலை ஐந்து நிமிடத்தில் ஓடுவதும் உண்டு. 1950-51ல் நைல் நதி நெடுகக் கயாக் படகில் பயணம் செய்தார். 2013ல் 88 வயதில் இறக்கும்போது நூற்றுக்கு மேல் முடித்திருந்தார். நிலவும் எவரெஸ்டும் மீதி. கவனிக்க வேண்டியது ‘50 சொல்’, ‘ஐந்து நிமிடம்’ என்ற அளவுகளைத்தான். முடிந்ததா இல்லையா என்று வேறொருவர் பார்த்துச் சொல்ல முடிகிற மாதிரி எழுதியிருக்கிறார். ‘ஆரோக்கியமாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதற்கு எந்த நாளிலும் டிக் போட முடியாது.

எழுதும் கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூறும் ஒரே உட்காரலில் வராது. முதலில் மளமளவென்று வருபவை வீடு, கார், வெளிநாட்டுப் பயணம் என்று பிறர் சொல்லிக் கேட்டவையாகவே இருக்கும். கை நின்றுபோன பிறகு, மூன்றாம் நாள் நான்காம் நாள் வருபவைதான் சொந்தச் சரக்கு. ஆகவே பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மகன் டாக்டராக வேண்டும்’ என்பது மகனுடைய பட்டியலில் வர வேண்டியது, அதுவும் அவன் விரும்பினால். உங்கள் பட்டியலில் ‘மகனின் படிப்புக்கு இந்த வருடத்துக்குள் இவ்வளவு சேர்ப்பது’ என்றுதான் இருக்க வேண்டும். ‘தினமும் நடப்பது’ போன்ற பழக்கங்களுக்கு முடிவு கிடையாது. அவற்றை வேறு பக்கத்தில் வையுங்கள்.

எதில் எழுதுவது என்பதும் முக்கியம். கடைக்காரர் கொடுக்கும் டைரி வேண்டாம். டிசம்பர் 31ல் அதன் ஆயுள் முடிந்துவிடும். 200 பக்க நீள நோட்டு போதும். இடப்பக்கத்தில் வரிசை எண், எழுதிய தேதி, இலக்கு, முடிந்ததற்கு அடையாளம். வலப்பக்கம் முழுவதும் காலி; திருத்தங்கள் அங்கே வரும். எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நான்கில் ஒரு குறியும் எழுதுங்கள்: மு (முடிந்தது), மா (மாற்றி எழுதியது), நி (நிறுத்தி வைத்தது), கை (கைவிட்டது). அடித்த எண்ணை மறுபடி வேறு இலக்குக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து, எந்த மாதிரி ஆசைகளை வழக்கமாகக் கைவிடுகிறோம் என்பதை அந்த வலப்பக்கம்தான் காட்டும். கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தனி நகல் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் புதியது எழுத எழுதப் பழையது தடமில்லாமல் போகும்.

இனி திருத்தம். முழுப் பட்டியலை வருடத்துக்கு ஒரு முறை, அரை நாள் ஒதுக்கிப் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் அது சுவரில் மாட்டிய காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும். கண் படும், மனதில் படாது. நூறில் ஐந்து அல்லது ஆறை மட்டும் ‘நடப்பில்’ வைத்து, அவற்றை வாரம் கால் மணி நேரம் பாருங்கள். மற்றவை காத்திருப்பில் இருக்கட்டும். வருடாந்தரத் திருத்தத்துக்குப் பிறந்தநாள் நல்ல நாள். பிறந்தநாள், மாதப் பிறப்பு, வாரத் தொடக்கம் போன்ற நாட்களை ஒட்டி மக்கள் புது முயற்சிகளில் அதிகம் இறங்குகிறார்கள் என்று ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014ல் எழுதியிருக்கிறார்கள்.

திருத்தத்தில் முதல் வேலை, கதவு மூடப்போகிற இலக்குகளைப் பிரித்தெடுப்பது. அதிகமானவர்கள் ஏமாறுவது இங்கேதான். நீச்சல் கற்பதற்கு எந்த வருடமும் சரி. கும்பகோணம் மகாமகத்துக்கு 2016 போனது, இனி 2028. காஞ்சி அத்திவரதர் 1979க்குப் பிறகு 2019ல் 48 நாள் காட்சி தந்தார், அடுத்து 2059. அன்று 30 வயதில் ‘கூட்டமாக இருக்கிறது, பிறகு பார்ப்போம்’ என்று விட்டவருக்கு அப்போது 70. பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு தொடங்குவதென்றால் குழந்தைக்கு 10 வயது நிறைவதற்குள் தொடங்கியாக வேண்டும். இப்படிக் கெடு உள்ளவற்றின் பக்கத்தில் சிவப்பு மையில் வருடம் போடுங்கள்.

‘ரிட்டையர் ஆனதும் கயிலாயம்’ என்று எழுதாத பட்டியல் குறைவு. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரைக்கு வயது 18 முதல் 70 வரை. உடல் நிறை குறியீடு 25க்கு மேல் போகக் கூடாது. அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பயணிகளைக் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 முதல் 2024 வரை யாத்திரையே நடக்கவில்லை. 2025ல்தான் மறுபடி தொடங்கியது. 60ல் ஓய்வு பெற்றவருக்குக் கையில் இருந்ததே பத்து வருடம், அதில் ஐந்து வருடம் அவர் கையை மீறிப் போயிற்று. இந்த இலக்கை எப்படித் திருத்த வேண்டும்? ‘கயிலாயம் போவது’ என்பதை அடித்துவிட்டு, ‘எடையை 68 கிலோவுக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிப்பது’ என்று எழுத வேண்டும். குலுக்கல் நம் கையில் இல்லை. எடையும் விண்ணப்பமும் நம் கையில்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியும் ஒரு பாடம். ‘2018ல் மூணாறில் குறிஞ்சி பார்ப்பது’ என்று எழுதியவர்களின் திட்டத்தை அந்த ஆகஸ்ட் மாத வெள்ளம் குலைத்தது. இனி 2030 வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தால், காரணம் எழுதிய விதம்தான். எல்லா மலையிலும் ஒரே வருடம் பூப்பதில்லை. 2022ல் இடுக்கியின் கள்ளிப்பாறையிலும் சிக்மகளூர் பக்கத்து மலைகளிலும் பூத்தது. ஆசை குறிஞ்சி மீதா, மூணாறு மீதா என்று கேட்டு எழுதியிருந்தால் நான்கே வருடத்தில் கோடு போட்டிருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு நடப்பு இலக்கையும் எதை வைத்துச் சோதிப்பது? இதற்குக் குறள் 675 தரும் ஐந்து தலைப்புகள் போதும்: பொருள், கருவி, காலம், வினை, இடம். திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்வது என்ற இலக்கையே எடுத்துக்கொள்வோம். பொருள் என்று பார்த்தால் செலவே இல்லை. கருவி, பையில் வைக்கிற அளவில் ஒரு பதிப்பு. வினை, வாரம் ஓர் அதிகாரம். 133 அதிகாரத்துக்கு 133 வாரம், இரண்டரை வருடம். இடம், அலுவலகம் போகும் பேருந்து. இதுவரை சரியாகத்தான் போகும், கவிழ்வது காலத்தில். ஏழு நாளும் புதுக் குறளையே படித்தால் இருபதாம் அதிகாரம் வரும்போது மூன்றாம் அதிகாரம் போயிருக்கும். நான்கு நாள் புதியது, இரண்டு நாள் பழையதை ஒப்பிப்பது, ஒரு நாள் ஓய்வு என்று பிரித்தால்தான் நிற்கும்.

கணக்குப் போட்ட காலத்தை ஒன்றரையால் பெருக்கியும் வையுங்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். ஆனது 55 நாள். அந்தக் கணக்குப்படி குறளுக்குச் சுமார் நான்கு வருடம் வைக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட இலக்குகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். பன்னிரண்டு வருடம் முன்பு எழுதிய ‘பத்து லட்சம்’ இன்று பாதி இலக்குதான். அந்த எண்ணை வருடா வருடம் மாற்றி எழுதாமல் ‘அடைந்துவிட்டேன்’ என்று மகிழக் கூடாது.

மூன்று வருடத் திருத்தத்திலும் ஓர் அடிகூட நகராத இலக்கு இருந்தால், நான்காவது முறை அப்படியே விடாதீர்கள். ஒன்று நடப்புக்கு ஏற்றுங்கள், அல்லது சிறிதாக்குங்கள், அல்லது அடியுங்கள். ‘வீணை கற்பது’ நகரவில்லையென்றால் ‘ஒரு வருடத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு அலங்காரம்’ என்று குறையுங்கள். கீதமும் வர்ணமும் அடுத்த வருடத்துப் பேச்சு. தொகுதியாக இருப்பதற்குத் தனிப்பக்கம் வேண்டும். 108 திவ்ய தேசங்களை எடுத்துக்கொண்டால், பூமியில் சேவிக்கக் கூடியவை 106. திருப்பாற்கடலும் பரமபதமும் மற்ற இரண்டு. 106ஐயும் பட்டியலில் தனித்தனியாக எழுதினால் மற்ற இலக்கெல்லாம் காணாமல் போகும். ஒரே எண் கொடுத்து, ஊர்ப்பெயர்களைப் பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடிப்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ள முடிகிறவர்களின் மனநலம் மேலாக இருந்ததாகக் கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2003ல் வெளியிட்டார்கள். இரண்டாவது பாதியும் முக்கியம். கோடு போட்ட அன்றே, காத்திருப்பிலிருந்து ஒன்றை மேலே ஏற்றிவிட வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பெண்களின் பட்டியல்கள். ‘காத்திருப்பு’ப் பக்கம் நீண்டும் ‘நடப்பு’ப் பக்கம் வெறுமையாகவும் இருப்பது அங்கேதான். இதை மன உறுதிக் குறைவு என்று பேசுவது அநியாயம். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நீச்சல் வகுப்புக்குப் போக வேண்டுமென்றால், அன்று இட்லி ஊற்றுவது யார், மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது யார் என்று பெயர் போட்டு எழுதியாக வேண்டும். அது இலக்கின் பகுதி, வலப்பக்கத்தில் முதல் வரியாக வர வேண்டியது. வருடாந்தரத் திருத்தத்தன்று கணவனும் மனைவியும் நோட்டுகளை மாற்றிப் படியுங்கள். ஒருவர் ‘சென்னையில் ஃபிளாட்’ என்றும் மற்றவர் ‘சொந்த ஊரில் வீடு’ என்றும் பத்து வருடமாகத் தனித்தனியே எழுதி வைத்திருக்கலாம். இரண்டும் ஒரே சேமிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஜனவரியில் பட்டியல் எழுதச் சொல்லிக் கட்டுரை போடுவது போல, ஜூலை முதல் ஞாயிறன்று திருத்துவதற்கு அரைப்பக்கக் காலிக் கட்டம் ஒன்று அச்சிடுங்கள். ஆறு பத்தி போதும்: எண், எழுதிய தேதி, இலக்கு, முடிந்ததற்கு அடையாளம், கெடு வருடம், அடுத்த காரியம். வாசகர்கள் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். மற்றொன்று ஆசிரியர்களிடம் தங்கள் வழியாகச் சொல்ல வேண்டியது. ‘என் எதிர்கால லட்சியம்’ கட்டுரையை எட்டாம் வகுப்பில் எழுத வைத்து, மதிப்பெண் போட்டு, பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறோம். அந்தத் தாளை எடுத்து வைத்து, ஒன்பதாம் வகுப்பில் அதே மாணவரிடம் திருப்பிக் கொடுத்து, சிவப்புப் பேனாவையும் அவரிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.