ஒரு சட்டைக்கு நூறு நிமிடம்: கனடாவின் புதிய உடை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

உங்களை அப்படி அழைக்க எனக்கு இருக்கும் ஒரே தகுதி வயதுதான். ரொறன்ரோவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தைக்கிறேன். முதலில் ஸ்பதைனா வீதியில் ஒரு தொழிற்சாலை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசை. இப்போது ஸ்காபரோவில் உடுப்புத் திருத்தும் சின்னக் கடை. நீங்கள் ஆடை வடிவமைப்புப் படித்து முடித்து, சொந்தப் பெயரில் உடுப்புச் செய்யத் தொடங்கியிருப்பவர்கள். உங்கள் விலைச்சீட்டுகளில் 'பொறுப்புடன் செய்தது' என்றோ 'நியாயமாகத் தைத்தது' என்றோ ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். மகள் இதை ஆங்கிலத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கணக்கும் கோபமும் எனக்குத் தமிழில்தான் பிசகாமல் வரும் என்பதால், முதலில் தமிழில் எழுதுகிறேன்.

கடந்த வசந்தகாலத்தில் உங்களைப் போன்ற ஒருவர் என் கடைக்கு வந்தார். நல்ல பெண். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினார், தேநீரையும் மறுக்கவில்லை. நாற்பது லினன் சட்டைகள் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். துணி அருமையானது, கையில் எடுத்ததுமே தெரிந்தது. கழுத்துப்பட்டி, மணிக்கட்டுப் பட்டி, ஒன்பது பொத்தான்கள். உள்ளே துணியின் ஓரம் எங்கும் வெளியே தெரியாதபடி ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை தைத்து மடிக்க வேண்டும். ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு டொலர் தருவதாகச் சொன்னார்.

மாதிரிக்கு ஒன்று தைத்துப் பார்க்கிறேன் என்றேன். துணியை அவரே வெட்டிக் கொண்டுவந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தைத்தேன். நூறு நிமிடம் ஆனது. நான் மெதுவாகத் தைப்பவள் அல்ல.

மறுமுறை வந்தபோது சட்டையில் தொங்கப்போகும் சீட்டைக் காட்டினார். விலை 240 டொலர். அதன் கீழே, ரொறன்ரோவில் நியாயமான ஊதியத்தில் தைக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தது. எங்களுக்குள் ஊதியப் பேச்சு இன்னும் முடியவில்லை. சீட்டு மட்டும் அச்சாகி வந்துவிட்டது.

நூறு நிமிடத்துக்குப் பன்னிரண்டு டொலர் என்றால் மணிக்கு 7.20 டொலர். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர். உங்களில் பலர் அறியாத ஒன்றையும் சொல்கிறேன்: வீட்டிலிருந்து வேலை செய்து கொடுக்கும் தொழிலாளருக்குச் சட்டம் அதைவிடக் கூடுதலாக, 19.35 டொலர், வைத்திருக்கிறது. மின்சாரமும் இடமும் அவர்களுடையவை அல்லவா? துண்டுக் கணக்கில் பேசினாலும் கடைசியில் மணிக்கணக்கு அந்தத் தொகைக்குக் கீழே போகக்கூடாது. என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். கடை வைத்திருக்கும் என்னைச் சட்டம் தொழிலாளி என்று பார்க்காது, சுயதொழில்காரி என்று சொல்லிவிடும். ஆனால் 'நியாயம்' என்று அச்சடித்த உங்கள் சீட்டு அப்படிப் பிரித்துப் பேசவில்லையே. வீட்டுத் தொழிலாளிக்குரிய கணக்கைப் போட்டால்கூட அந்தச் சட்டைக்கு 32 டொலர் வரும்.

சாப்பாட்டு மேசைக் காலத்தைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெட்டிய துணிகளைக் கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி ஒருவர் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். அதில் என்ன கட்டு, எத்தனை துண்டு, எப்போது முடிக்க வேண்டும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சுதான். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று முறையிட்டதால் மெஷினுக்குக் கீழே கம்பளிப் போர்வையை நான்காக மடித்து வைத்திருந்தேன். பாவாடைக்கு ஜிப் வைக்கும் வேலை இரவு இரண்டு மணிவரை நீளும். 1990களின் தொடக்கத்தில் ஆடைத் தொழிற்சங்கம் ஒன்று சீனம் பேசும் வீட்டுத் தையல்காரிகளைத் தேடிப் பேசியபோது, பெரும்பாலானோர் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே உழைப்பது வெளிவந்தது. அவர்களுக்கென்று ஒரு சங்கமும் அமைந்தது. எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் தையல்காரிகள் ஆறு பேர் இருந்தோம். எங்களை யாரும் தேடி வரவில்லை. நாங்களும் கதவைத் திறந்திருப்போமோ தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களில் பலருக்கு அநியாயம் என்றால் அது கடல் கடந்த இடத்தில் இருக்கிறது. 'கனடாவில் தயாரானது' என்று போட்டுவிட்டால் கேள்வி முடிந்தது. அந்தச் சொற்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் என்ன? கடைசி முக்கியமான மாற்றம் இங்கே நடக்க வேண்டும், நேரடிச் செலவில் 51 விழுக்காடாவது இங்கே ஆகியிருக்க வேண்டும், எதை வெளிநாட்டிலிருந்து எடுத்தோம் என்ற விளக்கமும் கூடவே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 51க்குள் தைத்தவளுக்கு எவ்வளவு போனது என்பதை அது கேட்பதில்லை. உடுப்பின் உள்ளே தைக்கும் சின்ன லேபிளும் அப்படித்தான். இழை என்ன, எத்தனை விழுக்காடு, விற்பவர் யார் என்று சொல்ல வேண்டும். விற்பவர் பெயருக்குப் பதிலாக 'சிஏ' என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணைப் போட்டாலும் போதும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் முதலாளி வீட்டு வாசல் வரைக்கும் போகலாம், மெஷின் இருக்கும் அறைக்குப் போக முடியாது.

உங்களில் சிலர் இந்தத் தொழிலையே வேறு மாதிரிச் செய்ய நினைத்ததற்கு ரானா பிளாசாதான் காரணம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 2013 ஏப்ரல் 24. டாக்காவுக்கு அருகில், சாவாரில், எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டார்கள். கீழ்மாடியில் இருந்த வங்கி ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல்காரிகளை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அங்கே தைத்தவற்றில் நம் ஊர் லொப்ளா நிறுவனத்தின் ஜோ ஃப்ரெஷ் உடுப்புகளும் இருந்தன. அந்த நிறுவனம் இழப்பீடு கொடுக்க முன்வந்தது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒன்ராறியோவில் தொடுத்த வழக்கு 2017இல் தள்ளுபடியானது. மேல்முறையீட்டிலும் தோற்றது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதைக் கேட்கவே மறுத்துவிட்டது. அந்த வழக்கில் எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு சின்ன விவரம். இடிவதற்கு முன் அந்தத் தொழிற்சாலையைச் சோதிக்க வெளியாரை அமர்த்தியிருந்தார்கள். வேலை நிலைமையைப் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த பொறுப்பு, கட்டடம் நிற்குமா என்பது அதில் இல்லை. தாள் சரியாக இருந்தது, தூண் சரியாக இல்லை.

அதனால்தான் சான்றிதழ்களை மேசையில் பரப்பிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. 2024 சனவரியிலிருந்து கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு பற்றிப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. சொத்து இரண்டு கோடி டொலர், வருமானம் நான்கு கோடி டொலர், ஊழியர் 250 பேர். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களில், இந்த மூன்றில் இரண்டையாவது எட்டியவர்களுக்குத்தான் அது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். உங்களிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆகவே நான் கேட்கிறேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. கடையில் 240க்கு விற்கிற சட்டையில் கடைக்காரர் பாதியை எடுத்துக்கொள்வார். மிச்சத்தில் துணி, பொத்தான், படம் எடுப்பவர், வாடகை, திரும்பி வருகிற உடுப்புகள். பெரிய தொழிற்சாலை நாற்பது சட்டைக்கு மெஷினை நிறுத்தித் தராது, ஆயிரம் என்றால்தான் பேசும். 2003இல் பங்களாதேஷ் போன்ற நாடுகளின் உடுப்புகளுக்கு இறக்குமதி வரி நீங்கியது, 2005 பிறந்ததும் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடுப்பு வரலாம் என்ற பழைய ஒதுக்கீட்டு முறையும் போய்விட்டது. அதற்குப் பிறகு, ஒரு காலத்தில் தையல் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த ஸ்பதைனாவில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது கட்டடங்களும், பொத்தான் அடுக்கின்மேல் நிற்கும் அந்த ராட்சத விரற்பூண் (ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவது) சிலையும்தான். கைதேர்ந்த தையல்காரிகள் என்னைப் போல ஆங்காங்கே ஒதுங்கிவிட்டார்கள். அந்த ஒதுங்கியவர்களைத் தேடித்தான் நீங்கள் வருகிறீர்கள். வாருங்கள். ஆனால் எங்கள் கூலிதான் உங்கள் கணக்கில் இழுத்தால் சுருங்கும் ஒரே வரி என்று நினைத்து வராதீர்கள். லினன் விற்பவரிடம் மீற்றருக்குப் பாதி விலை தருகிறேன் என்று நீங்கள் கேட்பதில்லையே?

இன்னொன்று. உங்கள் துணிக்கு ஜாதகம் இருக்கிறது. எந்த வயல், எந்தத் தண்ணீர், எந்தச் சாயம் என்று எழுதுகிறீர்கள். நல்ல காரியம். ரொறன்ரோவின் கோட்டன் (Kotn) என்ற உடுப்பு நிறுவனம் எகிப்தின் பருத்தி விவசாயிகளிடமிருந்து தொடங்கித் தன் கதையைச் சொல்வதை நானும் படித்திருக்கிறேன். ஆனால் உங்களில் பலருடைய கதை வயலில் தொடங்கி வெட்டும் மேசையில் நின்றுவிடுகிறது. தைத்தவளுக்கு அதில் ஒரு படம்தான் கிடைக்கிறது, அதுவும் கைகள் மட்டும். ஒருமுறை என் கைகளையும் அப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், ஏனென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. படம் வேண்டாம். நிமிடத்தை எழுதுங்கள். 'இந்தச் சட்டை தைக்க நூறு நிமிடம், தைத்தவருக்கு இவ்வளவு டொலர்.' இரண்டு எண்கள். வாங்குகிறவருக்குப் பெருக்கல் தெரியும்.

தமிழ்ப் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்திலோ திருப்பூரிலோ தைத்து எடுத்தால் அது நம் ஆட்களுக்குச் செய்யும் உதவி என்று சிலர் சொல்கிறீர்கள். இருக்கலாம். அங்கேயும் இதே இரண்டு எண்களைக் கேளுங்கள், மேற்பார்வையாளரிடம் அல்ல, தைப்பவரிடம். திண்டுக்கல் பக்கத்தில் 2021 தொடக்கத்தில் ஓர் இளம் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022இல் தொழிற்சாலையோடும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் உடன்பாடு செய்துகொண்டது. அந்த உடன்பாட்டின்படி, பெண்கள்மீதான அத்துமீறலைக் கண்காணிப்பவர்களில் அங்கே வேலை செய்யும் பெண்களே இருந்தார்கள். வெளியிலிருந்து தாளோடு வருகிறவரைவிட அவர்களுக்கு எந்த மேசைக்கு அருகில் பயம் என்று தெரியும்.

தைப்பவளாகச் சொல்ல இன்னொரு குறை இருக்கிறது. இது கூலியைப் பற்றியதல்ல. நீங்கள் உள்ளே துணி விடுவதே இல்லை. நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் அடித்து, ஓரத்தை ஒட்ட வெட்டிவிடுகிறீர்கள். உங்கள் பெயர் போட்ட உடுப்புகள் இரண்டு ஆண்டுகளில் என் கடைக்கு வருகின்றன. உடல் கொஞ்சம் பருத்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும், அல்லது குளிர்காலம் நீண்டிருக்கும். பிரித்து விட உள்ளே எதுவும் இல்லை. நல்ல துணி, நல்ல நிறம், பத்தாண்டு உழைக்கக்கூடியது, அரை அங்குலம் இல்லாமல் வீணாகிறது. ஊரில் புடவைக்குத் தைக்கும் சட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் உள்ளே இரண்டு மூன்று வரி தையல் ஓடும். வயது ஏற ஏற ஒவ்வொரு வரியாகப் பிரிப்போம். என் அம்மாவின் கலியாணச் சட்டையை அவர் ஐம்பது வயதிலும் போட்டார். பக்கத்து மார்க்கம் நகரம் 2017இல் துணிகளைக் குப்பையில் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து பைகளோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 'இதை ஏதாவது செய்ய முடியுமா' என்கிறார்கள். பாதிக்கு மேல் முடியாது என்றே திருப்பி அனுப்புகிறேன். மீள்சுழற்சிப் பொலியெஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் நீங்கள், பக்கவாட்டில் ஓர் அங்குலம் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை எழுத வேண்டியதே இல்லை. அந்த ஓர் அங்குலத்தால் துணிச் செலவு ஏறும் என்பது எனக்குத் தெரியும். அதையும் சீட்டில் எழுதுங்கள், வாங்குகிறவர் புரிந்துகொள்வார்.

அந்தப் பெண்ணிடம் 32 டொலர் என்றேன். முகம் மாறியது, ஆனால் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். நான் அவருக்கு வேறு ஒரு வழியும் சொல்லியிருந்தேன்: இரட்டைத் தையலைப் பக்கங்களில் மட்டும் வைத்துக்கொண்டு தோளில் சாதாரணமாகத் தைத்தால், பொத்தானை ஏழாகக் குறைத்தால், எழுபது நிமிடத்தில் முடியும். வரைகிற மேசையில் ஐந்து நிமிடம் யோசித்தால் என் மேசையில் அரை மணி நேரம் மிஞ்சும். வடிவமைப்பு என்றால் இதுவும்தான் என்று நினைக்கிறேன். உங்கள் ஆசிரியர்கள் என்ன சொல்வார்களோ.

மாதிரிச் சட்டை இன்னும் என் கடையில், ஜன்னலுக்குப் பக்கத்துக் கம்பியில் தொங்குகிறது. மூன்று பேர் விலை கேட்டுவிட்டார்கள். அவரோ, உங்களில் வேறு யாரோ, கடிகாரத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டை முழுவதும் தைத்துப் பார்க்க விரும்பினால் வாருங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் குறைவு. இரண்டாவது மெஷின் சும்மாதான் இருக்கிறது.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தையல்காரி