இந்த ஆண்டு ‘கிளாஸ் லீடர்’ யார்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்த நாளிலிருந்து உங்களில் பலர் என்னிடமும் வகுப்பாசிரியர்களிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இந்த வருஷம் கிளாஸ் லீடர் யாரு?” சிலர் நேராகவே கேட்டுவிட்டீர்கள்: “நல்லா படிக்கிற பிள்ளைதானே, ஏன் அவளைப் போடல?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கடிதம் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளில் இந்த ஆண்டு நிரந்தரத் தலைவர் என்று யாரும் இல்லை. நான்கு பேர் கொண்ட குழு ஒன்று இரண்டு வாரம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் அடுத்த நான்கு பேர். ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வந்துவிடும். பேட்ஜ் கிடையாது. ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரைப் போர்டில் எழுதி வைக்கிற வழக்கத்தையும் நிறுத்துகிறோம். தலைமை என்றால் மற்றவர்கள் பெயரை எழுதி மாட்டிவிடுவது என்ற எண்ணம் பத்து வயதிலேயே ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்காவில் கருப்பின மக்கள் நடத்திய சிவில் உரிமைப் போராட்டம் என்றதும் நம் பிள்ளைகள் மார்ட்டின் லூதர் கிங் பெயரைச் சொல்வார்கள். ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த கதையும் பலருக்குத் தெரியும். எலா பேக்கர் என்ற பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். அந்தப் போராட்டத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்படவே இல்லை.

1903இல் வர்ஜீனியாவில் பிறந்து, வட கரோலினாவில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி அடிமையாக இருந்தவர். எஜமானர் கைகாட்டிய ஆளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி, அதற்காகத் தண்டனை அனுபவித்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பேத்தி, 1940களில் என்.ஏ.ஏ.சி.பி. என்ற, கருப்பின மக்களுக்கான உரிமைச் சங்கத்தின் அமைப்பாளராகத் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் போனார். அங்கே அந்தச் சங்கத்தில் சேர்ந்தாலே வேலை போகும், சில ஊர்களில் உயிரும் போகும். தேவாலயத்திலும் முடிதிருத்தும் கடையிலும் உட்கார்ந்து, உங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று கேட்பார். நான் வந்து தீர்த்து வைக்கிறேன் என்று சொல்ல மாட்டார். உள்ளூர்க்காரர்களே கூடிப் பேசி முடிவெடுக்கப் பயிற்சி முகாம்கள் நடத்தினார். 1946இல் நடந்த அப்படி ஒரு முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். பேருந்துச் சம்பவம் நடந்தது 1955 டிசம்பரில். ஏதோ களைப்பில் எழுந்திருக்காமல் இருந்துவிட்டார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த ஒன்பது ஆண்டுகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுமையாகும்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது 1960ஐப் பற்றி. அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கருப்பினக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வூல்வொர்த் என்ற பெரிய கடைக்குப் போனார்கள். பற்பசை மாதிரி சில சாமான்கள் வாங்கினார்கள். அதற்குக் கடைக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டார்கள். அதே கடையில் சிற்றுண்டி விற்கிற பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டபோது, வெள்ளையர்களுக்கு மட்டும்தான் என்று மறுத்துவிட்டார்கள். நால்வரும் எழுந்திருக்கவில்லை. கடை மூடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் தெற்கு முழுவதும் ஊருக்கு ஊர் மாணவர்கள் இப்படி உட்காரத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது எலா பேக்கருக்கு 56 வயது. கிங் தலைமையில் இயங்கிய தென்பகுதிக் கிறித்தவ அமைப்பின் அலுவலகத்தை அட்லாண்டாவில் இருந்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த அமைப்பிடம் 800 டாலர் வாங்கி, ஈஸ்டர் விடுமுறையில் ராலே நகரில், தான் படித்த ஷா பல்கலைக்கழகத்தில், சிதறிக் கிடந்த இந்த மாணவர்களை ஒன்றாகக் கூட்டினார். (நாக்பூரில் சில ஆண்டுகள் இருந்து காந்தியின் வழியை ஆழ்ந்து படித்துவிட்டுப் போன ஜேம்ஸ் லாசன் அங்கே முக்கிய உரை ஆற்றினார். நம் நாட்டிலிருந்து அந்தக் கூடத்துக்கு நீண்ட ஒரு தொடர்பு இது.)

அந்தக் கூட்டத்தில் அவர் செய்த இரண்டு காரியங்களை ஓர் ஆசிரியராக நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் நன்றாகப் பேசக்கூடியவர்கள், அரசியல் படித்தவர்கள். தெற்கத்தி மாணவர்கள் அடியும் சிறையும் கண்டவர்கள், ஆனால் மேடைப் பேச்சுப் பழக்கம் குறைவு. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் யார் குரல் மேலே வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தெற்கத்தி மாணவர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேச ஏற்பாடு செய்தார்.

இரண்டாவது காரியம் இன்னும் கடினமானது. மாணவர்கள் கிங்குடைய அமைப்பின் இளைஞர் அணியாகச் சேர்ந்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் விரும்பினார்கள். அதை எப்படி நடத்தி முடிப்பது என்று அவர்கள் பேசியபோது, எலா பேக்கர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த அமைப்புதான். இருந்தும், மாணவர்கள் தங்கள் முடிவைத் தாங்களே எடுக்கட்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மாணவர்கள் தனி அமைப்பாகவே நின்றார்கள். எஸ்.என்.சி.சி. என்று வரலாற்றில் இடம் பெற்ற மாணவர் அமைப்பு பிறந்தது அங்கேதான். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் போன்றவர்கள் அந்த அமைப்பில் வளர்ந்தவர்கள்.

அந்த மாணவர்கள் இவரை ‘மிஸ் பேக்கர்’ என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். விடிய விடிய நடக்கும் கூட்டங்களில் அவர்களோடு உட்கார்ந்திருப்பார். பதில் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். 1961இல் கடைகளில் உட்கார்ந்தது போன்ற நேரடிப் போராட்டமா, கருப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலையா என்று மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து அமைப்பே உடையும் நிலை வந்தபோதுதான் குறுக்கிட்டார். இரண்டையும் செய்யுங்கள், இரண்டு பிரிவாகச் செய்யுங்கள் என்றார். தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளர்களைப் பதிவு செய்யப் போனவர்கள் சில நாட்களிலேயே அடி வாங்கினார்கள். இரண்டும் ஒரே போராட்டம்தான் என்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

“வலிமையான மக்களுக்கு வலிமையான தலைவர்கள் தேவையில்லை” என்பது அவர் சொன்னது. கிங்கை அவர் மதித்தார். ஒரே மனிதரின் பேச்சை நம்பி ஓர் இயக்கம் நிற்கக் கூடாது என்று அவரிடமே சொன்னார். பெண் என்பதாலும் போதகர் இல்லை என்பதாலும் அந்த அமைப்பில் அவருக்கு நிரந்தரப் பொறுப்பு கிடைக்கவில்லை. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். தலைமைக்குப் பதவி போதும் என்று நம்புகிற எல்லா இடங்களிலும் இந்த அநியாயம் நடக்கிறது. வகுப்பறையும் அதற்கு விலக்கு இல்லை.

நம் பள்ளிக்கு வருகிறேன். போன ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவில் மட்டும் இந்தச் சுழற்சி முறையை நடத்திப் பார்த்தோம். பாடத்தில் கேள்வி கேட்டால்கூட எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு மாணவி, தன் முறை வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். மதிய உணவு நேரத்தில் குழாயடியில் பெரிய பையன்கள் முண்டியடிப்பதால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கை கழுவாமலே சாப்பிடப் போய்விடுகிறார்கள். யாரிடமும் புகார் சொல்லவில்லை. மணியடிக்கும் அண்ணனிடமும் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடமும் தானே போய்ப் பேசினாள். சின்னப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே வரத் தொடங்கினார்கள். இன்றும் அந்த ஏற்பாடுதான் நடக்கிறது. பழைய முறையில் அவளுக்கு ஒருபோதும் அந்த இரண்டு வாரம் கிடைத்திருக்காது.

உங்களில் சிலருக்கு வருத்தம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இயல்பாகவே முன்னால் வந்து பேசுகிற பிள்ளைக்கு இது இழப்பு இல்லையா என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைக்கும் முறை வரும். மீதி வாரங்களில், தன்னைவிட மெதுவாகப் பேசுகிறவன் சொல்வதைக் கேட்டு அவனோடு வேலை செய்ய வேண்டியிருக்கும். முன்னால் வந்து பேசுகிற அந்தப் பிள்ளைக்கு இன்னும் கைவராதது அதுதான், அதைக் கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. படிப்பு பாதிக்குமோ என்ற கவலை வேண்டாம். வருகைப் பதிவு, கரும்பலகை, நூலகப் புத்தகம், குடிநீர் என்று எல்லாமே சின்னச் சின்னப் பொறுப்புகள்.

இரண்டு வாரம் முடியும் வெள்ளிக்கிழமை, வகுப்பாசிரியர் அந்த நால்வரிடமும் மூன்று கேள்வி கேட்பார்: எதைச் சரிசெய்ய நினைத்தீர்கள்? எது நடக்கவில்லை? அடுத்த குழுவுக்கு என்ன சொல்வீர்கள்? பதில்கள் வகுப்புக் குறிப்பேட்டில் பிள்ளைகள் கையெழுத்திலேயே இருக்கும். பள்ளிக்கு வரும்போது நீங்களும் வாங்கிப் பார்க்கலாம். வீட்டில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பிள்ளையின் முறை வரும்போது, என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் இருக்கிறது. இந்த முறையில் உடன்பாடு இல்லாதவர்கள் கட்டாயம் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசத் தயக்கமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள், கூட்டத்தில் நானே படிக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை ஐந்து மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்