ஹெட் பேக்கிங் வாங்கும் முன்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஸ்பேனரைக் கீழே வைக்க முடியவில்லை.

அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஹெட் பேக்கிங், அதாவது இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு, அதைக் காப்பரில் போடலாமா, ஸ்டீலில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரர் தருவதை வாங்கிவிடாதே. முதலில் இதைப் படி.

பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும். பத்மினியின் 1089 சிசி அப்படியில்லை. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் 40 செ.மீ. நீளம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள். 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் இரும்பு கால் மில்லிமீட்டர் வளரும், அலுமினியம் அரை மில்லிமீட்டர் வளரும். அந்த வித்தியாசம் முழுவதும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங்கின் மேல்தான் உரசும். வண்டியை எடுக்கும்போது ஒரு தடவை, ஆறும்போது ஒரு தடவை, தினமும்.

1991-ல் மாமாவின் பத்மினி இன்ஜினை நான் பிரித்து மாட்டியது உனக்கு நினைவிருக்கும். கிருஷ்ணகிரி தாண்டியதும் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி, ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. ஹெட்டைக் கழற்றி பேக்கிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் மேல்பூச்சு அப்படியே இருந்தது. இரண்டு ஓரங்களிலும் தேய்ந்து, பாலிஷ் போட்டதுபோல் பளபளத்தது. ஹெட் எங்கே அதிகம் நகர்ந்தது என்பதை அந்தப் பளபளப்பே காட்டியது. கசிந்ததற்குக் காரணம் என் கைதான். முதல் ஓட்டம் முடிந்த சூட்டிலேயே ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கியிருந்தேன். ஹெட்டைப் பிடித்திருக்கும் அந்தப் போல்ட்டுகள் எஃகு. ஆறும்போது அலுமினியம் எஃகைவிட அதிகமாகச் சுருங்க, பிடி தளர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஆறவிட்டுத்தான் இறுக்க வேண்டும். அந்தப் பாடத்தை அன்றைக்கு ரோட்டோரத்தில் படித்தேன்.

சரி, எதை வாங்குவது? பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் அருமையான சரக்குதான். மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகளில் முகடு எடுத்து, மேலே ரப்பர் பூசியிருப்பார்கள். ஹெட் நகர்ந்தாலும் அது விட்டுக்கொடுக்கும். ஆனால் அது உட்காரும் பிளாக், ஹெட் இரண்டின் முகமும் மிக வழவழப்பாக இருக்க வேண்டும், கரடு 0.8 மைக்ரான் அளவுக்குள். ஹெட்டை மட்டும் மெஷினில் கொடுத்துவிட்டு, பிளாக் வண்டியிலேயே இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலைக்கு அது ஒத்துவராது. கோடு விழுந்த இடம் வழியாகத் தண்ணீர் தேடிப் போகும்.

காப்பர் வேண்டவே வேண்டாம். காப்பரும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். அதிலும் நம் ஊர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் கேட்கவே வேண்டாம்.

உன் வண்டிக்குக் கிராஃபைட் முகம் போட்ட பேக்கிங்தான் என் தேர்வு. நடுவில் துளையிட்ட ஸ்டீல் தகடு, இருபுறமும் கிராஃபைட். அது வழுக்கும். அதனால் ஹெட் நகர்ந்தாலும் கிழியாது. சின்னக் கரடுமுரடையும் சமாளிக்கும். பழைய சரக்கு என்று ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங் கொடுத்தால் வாங்காதே. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இன்னும் ஒன்று. பேக்கிங் வாங்கும் முன் ஹெட்டின் முகத்தை நகத்தால் தடவிப் பார். சிலிண்டர் வாய் இருக்கும் இடத்தில் வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டால், பேக்கிங்கின் இரும்பு வளையம் அலுமினியத்தில் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். வண்டி எப்போதாவது கொதித்து ஹெட்டின் அலுமினியம் மென்மையாகிப் போயிருக்கலாம். அப்போது ஃபேஸிங் (முகத்தை மெஷினில் சீவிச் சமமாக்குவது) மட்டும் போதாது, கடினத்தையும் சோதிக்கச் சொல். நேர் விளிம்புள்ள ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜில் 0.1 மி.மீ. தகடு அடியில் நுழைந்தால் ஃபேஸிங் கட்டாயம். எவ்வளவு சீவினார்கள் என்று கேட்டு எழுதி வை. சீவச் சீவ கம்ப்ரஷன் ஏறும், அதற்கேற்ற தடிமனில்தான் பேக்கிங் எடுக்க வேண்டும்.

அப்புறம், பேக்கிங்கில் பசை எதுவும் தடவாதே. காய்ந்த முகத்தில் அப்படியே வை. ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான், போர் தண்ணீர் கூடாது.

ஹெட் ஃபேஸிங் முடிந்து வந்ததும் ஒரு போன் போடு. போல்ட்டை அளவாக இறுக்கும் என் டார்க் ரெஞ்சைத் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் காலையில் உன் வீட்டில் இருப்பேன். இறுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, திங்கள் காலையில் மறுபடி இறுக்கிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன். தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் சிநேகிதன்