தமிழ்ப் படத்துக்குத் தமிழிலும் சப்டைட்டில் போடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், தமிழ்ப் படங்களை வாங்கி வெளியிடும் ஓடிடி நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு வெப் டெவலப்பர். இணையத்தில் வீடியோ ஓட்டும் பிளேயர்களை எழுதுவதும், அவை மக்கர் செய்யும்போது சரிபார்ப்பதும் என் வேலை. சினிமா ரசிகன் என்பது இந்த வேலைக்கு வெகுகாலம் முன்பே வந்த அடையாளம். இரண்டும் சேர்ந்துதான் இந்த மடலை எழுத வைக்கின்றன.

ஓடிடியில் ஒரு புதுத் தமிழ்ப் படத்தைத் திறந்து சப்டைட்டில் பட்டியலுக்குப் போனால், பல படங்களில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது. தெலுங்கு ஆடியோ இருக்கும், இந்தி ஆடியோ இருக்கும். தமிழில் பேசுவதைத் தமிழில் படிக்க மட்டும் வழி இருக்காது. சில நிறுவனங்கள் சில படங்களுக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் எந்தப் படத்துக்கு இருக்கும், எதற்கு இருக்காது என்று பார்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். வயதாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமானவர்களில் பலர் இந்தக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். கேட்டால் "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்பார்கள். என் பெரியப்பா அப்படிப்பட்டவர். தினமும் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற மனிதர். வீட்டில் எல்லோரும் படம் பார்க்கும்போது, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லி இரண்டு முறை கேட்பார், மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளால் அவருக்குப் பயனில்லை. அதே இடத்தில் தமிழ் ஓடினால் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்.

சினிமா பிறந்தபோது இந்த நிலை இல்லை என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஆர். நடராஜ முதலியார் 1910-களில் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' மௌனப் படம். காட்சிகளுக்கு நடுவே கதையை எழுத்தில் சொல்லும் அட்டைகள் வரும். தமிழிலும் வந்தன. காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே படத்தை ஒரே மாதிரி பார்த்தார்கள். 1931-ல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. எழுத்து திரையை விட்டுப் போனது. அதோடு ஒரு பகுதி ரசிகர்களும் வெளியே போனார்கள். அன்றைய தொழில்நுட்பத்தில் வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

சட்டமும் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, மின்னணு ஊடகங்களில் வருவதை எல்லோரும் அணுகும்படி செய்ய வேண்டும் என்கிறது. 2023 ஜனவரியில் 'பதான்' படம் தியேட்டருக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, அதன் ஓடிடி வடிவத்துக்கு இந்தி சப்டைட்டிலும் பார்வையற்றோருக்கான ஒலி வர்ணனையும் தயாரிக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்திப் படத்துக்கு இந்தியில் என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், தியேட்டர் படங்களில் இந்த வசதிகளைத் தருவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு 6 மாதம், மற்றவற்றுக்கு 2 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. 2025-ல் ஓடிடிக்கும் வரைவு நெறிகள் வந்தன. அமெரிக்காவில் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கில், தன் எல்லாப் படங்களுக்கும் 2014-க்குள் கேப்ஷன் (சத்தங்களையும் சேர்த்து எழுதும் சப்டைட்டில்) தருவதாக நெட்ஃபிளிக்ஸ் 2012-லேயே ஒப்புக்கொண்டது. வழக்குப் போட்டுத்தான் இதை வாங்க வேண்டும் என்ற நிலை தமிழில் வர வேண்டாம் என்பது என் ஆசை.

(ஒலி வர்ணனையும் இதே அளவு முக்கியம். அது தனி மடலாக எழுத வேண்டிய விஷயம் என்பதால் இங்கே தொடவில்லை.)

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். "செலவு, டெக்னிக்கல் சிக்கல்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நொடியில் தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று ஒரு வரி, அதன் கீழே வசனம். அவ்வளவுதான். இணையத்தில் வழக்கமான யுடிஎஃப்-8 யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகிறது, ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான். அப்படியும் இரண்டரை மணி நேரப் படத்தின் தமிழ்க் கோப்பு சில நூறு கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. படமோ பல ஜிகாபைட். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் 5-ம் பதிப்புக் காலத்திலிருந்தே பிரௌசர்கள் இதைப் புரிந்துகொள்கின்றன. 'டிராக்' என்று ஒரு குறிச்சொல், மொழி தமிழ் என்று ஒரு குறிப்பு. ஆங்கில சப்டைட்டில் ஓடும் பிளேயரில் தமிழை ஓட்டப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். 'மொழி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு 2 எழுத்து. பிரௌசரில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 4 என்று சொல்லும். துணைக்குறிகளைத் தனியாக எண்ணுவதுதான் காரணம். ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி இந்த எண்ணிக்கையை நம்பி வரியை உடைத்தால், தமிழ் வசனம் தேவையில்லாமல் மூன்று வரியாகும். இன்னும் மோசமாக, ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் அதன் எழுத்து மறுபக்கமும் போய் விழும். முழு எழுத்தாக எண்ணும் வசதி இன்றைய பிரௌசர்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் போதும். சில பழைய டிவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை ஆப்புடனேயே அனுப்பினால் அதுவும் தீர்ந்தது. அப்புறம், வசனத் தாள்கள் பல இடங்களில் இன்னமும் வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. அப்படியே சப்டைட்டிலில் ஏற்றினால் புரியாத குறிகளாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வசனம் எழுத்தில் இல்லாமல் எந்தப் படமும் முடிவதில்லை. டப்பிங் தியேட்டரில் நடிகர் பேசுவது எழுதிவைத்த வசனத்தைப் பார்த்துத்தான். தணிக்கைக்கு விண்ணப்பிக்கும்போது திரைக்கதையும் பாடல் வரிகளும் எழுத்தில் போகின்றன. ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவர் ஒவ்வொரு வசனத்துக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறார். தமிழ் வரிகளும் கையில், நேரக் கணக்கும் கையில். இரண்டையும் இணைக்கும் வேலைதான் நடக்காமல் நிற்கிறது. ஒரு படத்தின் பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை.

உண்மையில் கவனம் வேண்டியது எழுத்துப் பக்கத்தில். பேசியதைப் பேசியபடி எழுதுங்கள். "என்னடா பண்ணிட்டு இருக்க" என்று பாத்திரம் கேட்டால், அடியில் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்று ஓடக் கூடாது. மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் வடசென்னைப் பேச்சும் திரையில் வருவதற்காக நடிகர்கள் எவ்வளவு மெனக்கெடுகிறார்கள்! காதால் கேட்க முடியாதவருக்கு அந்த உழைப்பைக் கொண்டுசேர்க்க எழுத்து ஒன்றுதான் வழி. நகைச்சுவையில் பஞ்ச் வசனம் நடிகர் வாயைத் திறக்கும் முன்னே திரையில் விழுந்தால் சிரிப்பு செத்துவிடும், அந்த இடத்தில் வரியை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். கதவுக்கு வெளியே யார் பேசுகிறார்கள், தூரத்தில் பறை ஒலிக்கிறதா, போன் அடிக்கிறதா என்பதையும் எழுதுங்கள். திகில் படத்தில் பாதிக் கதை இந்தச் சத்தங்களில்தான் நடக்கிறது.

பாட்டை விட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வசனத்துக்கு வரி போட்டுவிட்டுப் பாட்டு வந்ததும் காலியாக விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தமிழ் சினிமாவில் கதாநாயகி மனதில் இருப்பதைப் பாட்டில்தான் சொல்கிறாள், பிரிவும் பாட்டில்தான் வருகிறது. அந்த நான்கு நிமிடம் காது கேளாதவருக்கு வெறும் உதட்டசைவு. ஐஐஎம் அகமதாபாத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1990-களிலிருந்து ஒன்றை வலியுறுத்தி வந்தார். பாட்டின் வரிகள் அதே மொழியில் திரையின் அடியில் ஓடினால், தட்டுத்தடுமாறிப் படிப்பவர்களின் வாசிப்பு தானாக மேம்படும் என்பது அது. தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சிகளான சித்ரஹாரிலும் ரங்கோலியிலும் அது நடைமுறைக்கு வந்தது. டொராண்டோவிலும் லண்டனிலும் வளரும் எத்தனையோ தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. பிடித்த பாட்டின் வரிகள் திரையில் ஓடினால் அவர்களும் எழுத்துக் கூட்டுவார்கள்.

இயந்திரமே எழுதிவிடாதா என்று கேட்கிறார்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கருவிகள் தமிழையும் எழுதுகின்றன, முதல் வரைவுக்கு உதவும். பின்னணி இசையும் வட்டார வழக்கும் சேர்ந்து வரும் காட்சியில் தடுமாறிவிடும். தவறான வசனத்தை நம்பிப் படிப்பவருக்கு அது தவறு என்று தெரிய வழியே இல்லை. ஆகவே படத்தில் வேலை செய்த உதவி இயக்குநர் ஒருவர் ஒரு முறை முழுதாகச் சரிபார்க்கட்டும். காது கேளாத ஒருவரை உட்கார வைத்து, சம்பளம் கொடுத்து, வெளியீட்டுக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே புரியவில்லை என்பதை அவரைப் போல் வேறு யாராலும் சொல்ல முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். தயாரிப்பாளர்களே, படத்தை ஒப்படைக்கும்போது தமிழ் சப்டைட்டில் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அதைப் படத்தின் மேலேயே பதித்துவிடாமல் தனிக் கோப்பாகக் கொடுங்கள், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். ஓடிடி நிறுவனங்களே, அந்தக் கோப்பு இல்லாமல் தமிழ்ப் படத்தை வாங்குவதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய படங்களை அதிகம் பார்க்கப்படுவதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக முடியுங்கள். தமிழ் சப்டைட்டில் உண்டா என்பதைப் படத்தின் முகப்பிலேயே காட்டுங்கள்.

சின்ன பட்ஜெட் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வரி உடைப்பது, எழுத்துரு, பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுவது என்று எந்தச் சிக்கலாக இருந்தாலும் நான் கூலி வாங்காமல் செய்து தருகிறேன். என் தொழிலில் இதே எண்ணம் உள்ள நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டி வருகிறேன். வசனத் தாளும் ஆங்கில சப்டைட்டில் கோப்பும் இருந்தால் போதும், வேலையை ஆரம்பித்துவிடலாம்.

அன்புடன்,
ஒரு வெப் டெவலப்பர்
சென்னை