மாலை நேர வகுப்புகளின் பயனை முறையாக அளந்தறிய வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெற்றோரும் மாலை வகுப்புத் தொண்டாசிரியர்களும்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
மாவட்டக் கல்வி இலாகா, கோல சிலாங்கூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு மாலை வகுப்புகள் நடந்து வருகின்றன. செம்பனைத் தோட்டத்தில் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இவை பெரும் துணை; இவை தொடர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆயினும் இவற்றால் பிள்ளைகள் அடைந்த பயன் என்ன என்று கேட்டால், எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை வகுப்புகள் நடந்தன, நிறைவு விழாவில் எத்தனை நற்சான்றிதழ்கள் வழங்கப்பட்டன என்ற கணக்குகளே பதிலாக வருகின்றன. மானிய அறிக்கைக்கு அவை போதலாம். ஆரம்பப்பள்ளி நான்காம் ஆண்டில் படிக்கும் பிள்ளை மலாய்மொழியில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்துப் பொருள் சொல்கிறதா என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

ஆரம்பப்பள்ளி இறுதியில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டான படிவம் 3இல் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கேட்பது எங்கள் நோக்கமன்று. அவை பிள்ளைகள்மீது ஏற்றிய பாரத்தை நாங்கள் கண்கூடாகப் பார்த்தவர்கள். எனினும், குறையுடையதாயினும், அன்று எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவு இருந்தது. வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர்கள் குறிக்கும் 1 முதல் 6 வரையிலான அடைவு நிலைகள் பள்ளிக்குள் பயன்படுகின்றன. மாலை வகுப்பு நடத்தும் எங்களுக்கு அவை கிடைப்பதில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பெரும்பாலான பாடங்கள் மலாய்மொழிக்கு மாறிவிடுகின்றன. அங்கே பின்தங்கும் பிள்ளையின் நிலை, பல வேளைகளில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிய வருகிறது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். ஆண்டு முடிவில் மதிப்பெண் உயர்ந்ததனாலேயே அது மாலை வகுப்பின் பயன் என்று கொள்ள முடியாது. பள்ளிப் பாடமே காரணமாகலாம், அல்லது அக்கறை மிகுந்த பெற்றோரின் பிள்ளைகளே வகுப்பில் சேர்ந்திருக்கலாம். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் இயங்கிய பள்ளிநேரத்துக்குப் பிந்தைய மையங்களை 2000களின் முற்பகுதியில் ஆராய்ந்தவர்கள், ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். மையத்தில் இடம் பெற்றவர்கள் பள்ளி விட்ட பிறகான நேரத்தில் தங்களைக் கூடுதல் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். படிப்பிலோ இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒப்பீடு இல்லாதிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. பின்னர் 2010இல் டர்லாக், வைஸ்பர்க், பச்சன் ஆகிய ஆய்வாளர்கள் பள்ளிநேரத்துக்குப் பிந்தைய பல திட்டங்களின் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, வளர்க்க விரும்பும் திறன் இன்னதென்று வரையறுத்து, அதற்கென நேரம் ஒதுக்கி, பிள்ளைகளே செய்து பழகும்படி படிப்படியாகக் கற்பித்த திட்டங்களே கூடுதல் பலன் தந்தன. வகுப்பு நடக்கிறது என்பதோடு நிறைவடையாமல், எப்படி நடக்கிறது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

ஆகவே, மாவட்டத்தில் மானியம் பெறும் மாலை வகுப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அளவீட்டு முறையைத் தாங்கள் வகுத்துத் தர வேண்டுகிறோம். பிள்ளை சேர்ந்தவுடன் வாய்விட்டு வாசித்தல், பொருள் கூறல், அடிப்படைக் கணக்கு ஆகியவற்றில் சிறு சோதனை ஒன்றை நடத்தி, ஆண்டு முடிவில் அதே தரத்தில் மீண்டும் நடத்த வேண்டும். தன் வகுப்புக்குத் தானே மதிப்பெண் இடும் நிலை நேராதிருக்க, இங்கேயே வளாகம் கொண்ட சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் மாணவர்களை இச்சோதனைக்கு அழைக்கலாம். வருகையை வகுப்புவாரியாக அன்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். எப்போதாவது வரும் பிள்ளையும் தவறாமல் வரும் பிள்ளையும் ஒரே கணக்கில் சேர்ந்தால் உண்மை மறைந்துவிடும். இடம் போதாத வகுப்புகளில் குலுக்கல் முறையில் சேர்த்துக்கொண்டு, காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோரின் சம்மதத்துடன் அதே சோதனையை நடத்தி, மறு ஆண்டு அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும். பிள்ளைகள் படிவம் 3 முடியும்வரை பள்ளியில் நீடிக்கிறார்களா என்பதையும் தங்கள் இலாகா தொடர்ந்து கவனித்துவர வேண்டும். எங்கள் பார்வையில், மதிப்பெண்ணைவிட இதுவே முதன்மையான பயன்.

இவ்வளவீட்டில் பின்தங்கும் வகுப்பின் மானியத்தை உடனே நிறுத்திவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம். அப்படி நடந்தால் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைச் சேர்க்கவே நடத்துநர்கள் தயங்குவார்கள். யாருக்காக வகுப்பு தொடங்கப்பட்டதோ அவர்களே வெளியே நிற்பார்கள். அத்தகைய வகுப்புக்கு முதலில் பயிற்சியும் பாடநூலும் தந்து உதவ வேண்டும். பிள்ளைகளின் பெயரோடு எந்த முடிவும் வெளியிடப்படக் கூடாது. தம் பிள்ளையின் நிலை குறித்த எளிய அறிக்கை பெற்றோருக்குத் தமிழில் கிடைக்க வேண்டும்.

முதற்கட்டமாக, எங்கள் பொறுப்பில் நடக்கும் வகுப்புகளிலேயே இம்முறையைத் தொடங்க நாங்கள் இசைகிறோம். இதனை நேரில் விளக்க, தங்களுக்கு ஏற்ற ஒரு நாளைக் குறித்து எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோரும் தொண்டாசிரியர்களும்,
பெஸ்தாரி ஜெயா.