பாப்பாவுக்கு நைனா எழுதறது

பாப்பா, போன்ல பேசினா "சரி நைனா சரி நைனா"ன்னு வெச்சிடற, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி. சத்துவாச்சாரி அத்தை வந்திருந்தாங்க, பொண்ணு ஏஐ படிக்கிறாளே ரோபோ எதனா செஞ்சாளான்னு கேட்டாங்க, ஒங்கம்மா "பேப்பர்ல கணக்கு போடறா"ன்னதும் அவங்க மூஞ்சி போன போக்க பாக்கணுமே! இப்ப நீயும் இந்த தியரி ஆராய்ச்சிய விட்டுட்டு கம்பெனி வேலைக்கு போய்டட்டுமான்னு கேக்கற.

ஒங்க புரொபசர் லெக்சர் வீடியோ பாத்தேன், அவர் பேசின இங்கிலீஷ் பாதி ஓடிப்போச்சி, ஆனா போர்டுல எழுதனது புரிஞ்சிது. கம்ப்யூட்டர் விஞ்ஞானி லெஸ்லி வேலியன்ட் 1984ல கேட்ட கேள்விதானே அது, கொஞ்சம் உதாரணம் காட்டி மெஷினுக்கு சொல்லிக் குடுத்தா பாக்காத விஷயத்துலயும் அது சரியா சொல்லும்னு எந்த தைரியத்துல நம்பறது, எத்தனை காட்னா போதும். நம்ம வேலூர் நேதாஜி மார்க்கெட்ல இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கறப்ப நாலு காய திருப்பி பாத்துட்டு கூடைக்கே முடிவு பண்றோமில்ல, அதுதான். மேலாக்க நல்லத அடுக்கி அடியில சொத்தைய வெச்சிருந்தா போச்சி, கைய உள்ள விட்டு கலந்து எடுக்கணும், ஒங்க தியரிலயும் அதே கண்டிஷன், கத்துக்கற உதாரணமும் அப்பறம் வெக்கற பரிட்சையும் ஒரே கூடையிலேர்ந்து வரணும். அப்பவும் நூத்துக்கு நூறுன்னு சத்தியம் பண்ணல, பெரும்பாலும் கிட்டத்தட்ட சரின்னுதான் சொல்லுது, ஆனா எவ்ளோ பெரும்பாலும், எவ்ளோ கிட்டன்னு நம்பர் போட்டு சொல்லுது பாரு.

நான் அசந்துட்டது எங்கன்னா, எத்தனை காய் பாக்கணும்ன்ற கணக்குல கூடை சைஸே வரல! "பளபளன்னு இருந்தா நல்ல காய்"ன்ற மாதிரி எத்தனை விதியிலேர்ந்து மெஷின் ஒன்ன பொறுக்குதோ, அந்த எண்ணிக்கையோட லாக்தான் (மடக்கை, நம்பர் மடங்கு மடங்கா பெருகினாலும் இது மெதுவாதான் ஏறும்) வருது, 1000 விதி 10 லட்சம் ஆனாலும் அந்த பங்கு டபுள்தான். லாக் டேபிள் பாக்க சொல்லிக்குடுத்தே ரிட்டயர் ஆனவன் நான், அது இங்க வந்து நிக்குது. இதுக்கும் மத்த தியரி வேலைக்கும் சேத்துதான் வேலியன்ட்டுக்கு 2010 ட்யூரிங் அவார்டு, கம்ப்யூட்டர் துறையிலயே பெரிய விருது.

அதே அவார்ட 1994ல வாங்கின ராஜ் ரெட்டி சித்தூர் ஜில்லாக்காரர், 1911 வரைக்கும் அந்த சித்தூர்தான் நம்ம வட ஆற்காட்டுக்கே தலைநகர். அவர் செஞ்சது பேச்ச புரிஞ்சிக்கற மெஷின், அத்தைகிட்ட சொன்னா ஒடனே தலையாட்டுவாங்க.

கம்பெனிக்கு போறதுன்னா போ, காசு வேணாம்னு சொல்ற ஆள் நான் இல்ல, ஆனா நாலு பேர் கேக்கறாங்களேன்னு போவாத. புரொபசர்கிட்ட ஒன்னு மட்டும் கேட்டு சொல்லு, இப்ப வர்ற பெரிய பெரிய ஏஐ மாடல்ல பொறுக்கறதுக்கு விதி கணக்கு வழக்கில்லாம கீதே, இந்த கணக்குப்படி பாத்தா அதெல்லாம் பெயில் ஆவணும், ஆனா பாஸ் ஆய்கினு இருக்கே, எப்படி? அந்த எடத்துக்கு வர்றப்பதான் வீடியோ முடிஞ்சிபோச்சி.